விரல் கடிக்கும் கர்னல்: புள்ளலூர் போரும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரும்

கேள்வி இதுதான்: ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிதாக ஒரு போர்க்காட்சி வரைந்திருக்கிறதே, அது எந்தப் போர்? படத்தில் இருப்பது போலத்தான் நடந்ததா? இந்தியாவில் ஆங்கிலேயர் வாங்கிய மிகப் பெரிய அடி அதுதான் என்கிறார்களே, சரிதானா?

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு வடக்கே புள்ளலூரில் நடந்த போர் அது. ஹைதர் அலியும் மகன் திப்புவும் ஒரு பக்கம், கர்னல் வில்லியம் பெய்லி நடத்தி வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை மறுபக்கம். இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் நீளும். படத்தில் உள்ள முக்கியமான சங்கதிகள் பெரும்பாலும் நடந்தவைதான். ஆனால் போர் ஏன் அப்படி முடிந்தது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கான காரணங்கள் எல்லாம் அதற்கு முந்தைய பதினைந்து நாட்களில் இருக்கின்றன. சுவரில் இருப்பதோ கடைசி ஒன்றிரண்டு மணி நேரம்.

முதலில் ஊர்ப்பெயர். ஆங்கிலப் புத்தகங்களில் 'பொல்லிலூர்' என்று இருப்பதை அப்படியே தமிழில் எழுதி, இது எங்கோ கர்நாடகத்தில் இருக்கும் ஊர் என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நம் புள்ளலூர். அந்த மண்ணுக்குப் போர் புதிதும் அல்ல. மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் தன் பகைவர்களை அழித்தான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. பகைவன் பெயர் அதில் இல்லை. சாளுக்கிய இரண்டாம் புலகேசியாகத்தான் இருக்க வேண்டும் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. காஞ்சியை வடக்கிலிருந்து நெருங்குகிற படைக்கு அந்தப் பக்கம்தான் வழி. ஆயிரத்து நூறு வருடம் கழித்து பெய்லியும் வடக்கிலிருந்துதான் வந்தார்.

பகை எப்படி மூண்டது? 1769இல் சென்னையின் வாசல் வரை வந்து ஹைதர் ஒரு உடன்படிக்கை வாங்கிக்கொண்டு போனார். ஒருவரை யாராவது தாக்கினால் மற்றவர் துணைக்கு வர வேண்டும் என்பது அதில் ஒரு ஷரத்து. அடுத்த வருடமே மராத்தியர்கள் மைசூர் மேல் பாய்ந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. ஹைதர் அதை மறக்கவே இல்லை. அப்புறம் 1779இல், பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த மாஹேயைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. ஹைதருக்கு வேண்டிய ஆயுதங்கள் வந்து இறங்கிய துறை அது. அங்கே கை வைக்காதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பியும் கேட்கவில்லை. 1780 ஜூலையில் சுமார் 80,000 முதல் 90,000 பேருடன் செங்கம் கணவாய் வழியாக அவர் கீழே இறங்கினார். சென்னையைச் சுற்றியிருந்த ஊர்கள் எரிந்தன. அவருடைய குதிரைப்படை பரங்கிமலைப் பக்கம் வரை வந்து போனது. எரிந்தது கம்பெனியின் சொத்து மட்டும் அல்ல, நம் ஊர்க் குடியானவர்களின் வைக்கோல் போரும் கூரையும் சேர்ந்துதான் எரிந்தன. ஹைதரைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது இதை விட்டுவிடுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

சென்னையில் படைத்தலைமை சர் ஹெக்டர் மன்றோவிடம் இருந்தது. 1764இல் பக்சார் போரை வென்றவர். (சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் அங்கவடி இல்லாத குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ இவர் அல்ல. அவர் தாமஸ் மன்றோ. அந்த வருடம்தான் கடல் கடந்து வந்து சேர்ந்த இளைஞராக, இதே ஹெக்டர் மன்றோவின் படையில் நடந்துகொண்டிருந்தார்.) ஹெக்டர் மன்றோவின் கையில் சுமார் 5,000 பேர். குண்டூர்ப் பக்கம் இருந்த பெய்லியின் கையில் சுமார் 2,800 பேர். பெய்லியின் ஆட்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள், ஐரோப்பியர் சில நூறு பேர்தான். இரண்டு படையும் காஞ்சிபுரத்தில் சேர வேண்டும் என்பது திட்டம். குண்டூரிலிருந்து தெற்கே இறங்கி வந்த பெய்லி ஒரு கட்டத்தில் சென்னைக்கு ஒரு நாள் நடையில்தான் இருந்தார். அவரைச் சென்னைக்கே வரச்சொல்லி, எல்லாருமாகச் சேர்ந்து கிளம்பியிருக்கலாம். திட்டம் போட்டவர்களுக்கு அது ஏன் தோன்றவில்லை என்று அன்றைக்கே கேட்டவர்கள் இருந்தார்கள்.

இனி ஆறு. ஆகஸ்ட் 25ஆம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றின் வடகரைக்கு வந்து சேர்கிறார். ஆற்றில் தண்ணீர் கொஞ்சம்தான். அன்றே இறங்கி அக்கரைக்குப் போயிருக்கலாம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வடகரையிலேயே கூடாரம் அடித்துவிட்டார். மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை ராத்திரியோடு ராத்திரியாக வந்து சேர்ந்தது. விடிந்து பார்த்தால் ஆறு கரை புரண்டு ஓடுகிறது. நம் பக்கத்து ஆறுகளின் குணம் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. வருடம் முழுக்க மணலாகக் கிடக்கும், வந்தால் ஒரே ராத்திரியில் வரும். அந்த வெள்ளம் வடிந்து அவர் அக்கரை ஏறியபோது செப்டம்பர் பிறந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஹைதருக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு வாரம்தான். திப்புவைத் தனிப்படையோடு பெய்லியின் மேல் ஏவிவிட்டுத் தான் மன்றோவுக்கு எதிரே போய் உட்கார்ந்துகொண்டார்.

செப்டம்பர் 6 அன்று பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் நல்ல சேதம். 'என்னால் உங்களிடம் வர முடியாது, நீங்கள்தான் வர வேண்டும்' என்று மன்றோவுக்குச் சொல்லி அனுப்பினார். அங்கிருந்து காஞ்சிபுரம் 14 மைல். மன்றோ முழுப்படையோடு கிளம்பவில்லை. அரிசியும் தளவாடமும் கனரக பீரங்கிகளும் காஞ்சியில் கிடந்தன. அவற்றை விட்டுப் போனால் ஹைதர் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்று பயம். பாதிக்கிணறு தாண்டுவது போல ஒரு முடிவெடுத்தார்: கர்னல் பிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை மட்டும் ராத்திரியில் அனுப்பினார். அதில் ஸ்காட்லாந்து மலைநாட்டு ரெஜிமென்டைச் சேர்ந்த டேவிட் பெயர்ட் என்ற இளம் கேப்டனும் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஓவியக் கதையின் இரண்டு முனையிலும் இவர் இருக்கிறார்.

பிளெட்சர் படைக்கு வழிகாட்ட வந்தவர்கள் ஹைதரிடம் கூலி வாங்குபவர்கள். நேராக அவருடைய பீரங்கிகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாக ஏற்பாடு. பிளெட்சருக்கு நடுவழியில் சந்தேகம் தட்டி, வழியை மாற்றிச் சுற்றிக்கொண்டு 9ஆம் தேதி காலை பெய்லியிடம் வந்து சேர்ந்துவிட்டார். ஹைதரின் முகாமில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளுக்கே இது அதிர்ச்சி. மன்றோவும் பெய்லியும் சேர்ந்து இரு பக்கமும் நெருக்கப்போகிறார்கள், பின்வாங்கிவிடலாம் என்று அவர்கள் ஹைதருக்கு யோசனை சொன்னதாகப் பதிவு இருக்கிறது. ஹைதரின் ஒற்றர்கள் மன்றோ அசையவே இல்லை என்று சொன்னார்கள். ஹைதர் நம்பியது ஒற்றர்களை.

அன்று இரவு பெய்லி கிளம்பினார். இருட்டோடு இருட்டாக நடந்திருந்தால் விடிவதற்குள் காஞ்சியை நெருங்கியிருக்கலாம். வழியில் திப்புவின் ஆட்கள் தொந்தரவு கொடுக்க, பாதி வழியில் 'நில்' என்றார். உடன் இருந்த அதிகாரிகளுக்கே காரணம் புரியவில்லை. அந்த இடைவெளியில் திப்பு முன்னால் இருந்த தோப்பில் பீரங்கிகளை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். ஹைதர், மன்றோவுக்குத் தெரியாமல் தன் பெரும்படையை இரவிலேயே கிளப்பிக்கொண்டு புள்ளலூர்ப் பக்கம் வந்துவிட்டார்.

ஆக, விடியும்போதே போர் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மீதி நடந்ததுதான் சுவரில் இருக்கிறது.

நான் அந்த மாளிகைக்குப் போனபோது வெயில் படாமலிருக்க வராந்தாவைச் சுற்றிப் பச்சை நிறப் படுதாக்கள் இறக்கியிருந்தார்கள். கண் பழகுவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. மேற்குப் பக்கத்து வெளிச்சுவர் முழுக்கப் படம்தான். ஒரு பகுதியில் ஹைதரும் திப்புவும் படை பரிவாரங்களோடு ஊர்வலம் போகிறார்கள். இன்னொரு பகுதியில் புள்ளலூர். கிழக்குப் பக்கம் வேறு கதை: தஞ்சாவூர் ராஜா, காசி ராஜா, சித்ரதுர்கத்து மதகரி நாயக்கர் என்று தர்பார்களும் பிரபுக்களும். அவற்றைச் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

புள்ளலூர்ப் படத்தில் கண் முதலில் போக வேண்டிய இடம் நடுவில் இருக்கும் சதுரம். சிவப்புக் கோட்டுச் சிப்பாய்கள் வரிசை வரிசையாக வெளிப்பக்கம் பார்த்து நிற்க, உள்ளே வண்டிகளும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். கம்பெனிப் படை கடைசியில் அப்படித்தான் நின்றது, அதில் கற்பனை இல்லை. அந்தச் சதுரத்துக்குள் ஒரு வெடிமருந்து வண்டி வெடிக்கிறது. அதுவும் நடந்தது. மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்த நெருப்பு வெடிமருந்து வண்டிகளில் பட்டு அவை வெடித்தபோதுதான் படை குலைந்தது. பீரங்கிக் குண்டு பட்டதா, ராக்கெட் பட்டதா என்பதில் பழைய பதிவுகளுக்குள் ஒற்றுமை இல்லை. திப்புவின் ராக்கெட் புகழ் பெரிதாகப் பெரிதாக, ராக்கெட்தான் என்று அடித்துச் சொல்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். படத்தில் சற்றுத் தள்ளி, ஹைதரிடம் வேலை பார்த்த பிரெஞ்சுத் தளபதி லாலி தொலைநோக்கி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார். (வந்தவாசியில் தோற்றுப் பின்னால் பாரிசில் தலை வெட்டப்பட்ட லாலி வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

சதுரத்துக்குள் ஒரு பல்லக்கு தெரியும். அதற்குள் காயம்பட்ட பெய்லி, விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பயத்தில் நகம் கடிக்கிறார் என்று அதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் பாரசீக, முகலாய ஓவியங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த விரல் புதிதல்ல. அதிசயப்பட்டவன் விரலைக் கடிப்பது அந்த மரபின் நிரந்தர முத்திரை. நாம் மூக்கின் மேல் விரல் வைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஓவியர் பெய்லியைக் கோழையாகக் காட்டவில்லை. 'இப்படியும் நடக்குமா!' என்று திகைத்தவராகக் காட்டியிருக்கிறார். என் கணக்கில் சுவர் முழுவதிலும் நுட்பமான இடம் இதுதான். தோற்றவரின் முகத்தில் பயத்தைவிடத் திகைப்பைப் பார்ப்பதில்தான் வென்றவனுக்கு ருசி அதிகம்.

அதற்கு நேர் எதிர் திப்பு. சுற்றிலும் வெட்டும் குத்துமாக இருக்க, அவர் கையில் ஒரு ரோஜாவை வைத்து முகர்ந்துகொண்டிருக்கிறார். இதுவும் முகலாய அரசவைப் படங்களிலிருந்து வந்த வழக்கம்தான். பூவோடு இருப்பவன் பதற்றம் இல்லாதவன், அரசன். ஆனால் நான்கு நாள் முன்பு பேரம்பாக்கத்தில் இதே திப்பு தன் சேதத்தைப் பார்த்து அப்பாவிடம் கூடுதல் படை கேட்டு ஆள் அனுப்பியவர். அந்தத் திப்பு சுவரில் கிடையாது.

முகங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆங்கிலேயர் எல்லாரும் மீசை இல்லாமல் மழமழவென்று பெண்சாயலில், மைசூர்க்காரர்கள் மீசை தாடியோடு வீரர்களாக. வேண்டுமென்றே செய்த கேலி இது என்பார்கள். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதில் ஒரு இடறல் இருக்கிறது. ஹைதர் அலியே மீசை, தாடி, புருவம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டவர் என்று அவரை நேரில் பார்த்தவர்களின் விவரணைகளில் வருகிறது. அரசனே முகம் மழித்தவனாக இருக்கும் ஊரில் மீசை இல்லாமையை அவமானமாக எவ்வளவு தூரம் வாசிக்க முடியும்? அன்றைய ஆங்கிலேய அதிகாரிகளும் நிஜமாகவே மீசை வைத்துக்கொள்ளாதவர்கள்தான். கேலி என்று நிச்சயமாகச் சொல்ல வேண்டுமென்றால் அதே சுவரில் வேறு இடம் இருக்கிறது. ஹைதராபாத் நிஜாம் காலம் கடந்து வந்து சேரும் காட்சி அது. பக்கத்தில் ஒரு பசுவும் ஒரு காட்டுப்பன்றியும். 'பசுவைப் போல வந்தான், பன்றியைப் போல ஓடினான்' என்று அதற்கு வழிகாட்டிகள் விளக்கம் சொல்வார்கள். 1780இல் ஹைதரோடு கூட்டுச் சேர்ந்துவிட்டு நழுவிய நிஜாமுக்கு வைத்த குட்டு. இந்தச் சுவருக்கு ஆங்கிலேயர் மட்டுமே எதிரி இல்லை.

களத்துக்கு வருவோம். சிப்பாய்களின் அணி உடைந்த பிறகு மிஞ்சிய சில நூறு ஐரோப்பியர்கள் ஒரு மேட்டில் கூடி நின்றார்கள். பதின்மூன்று முறை தாக்குதலைத் தடுத்தார்கள் என்பது ஆங்கிலேயர் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு. முடியாமல் போன கட்டத்தில் பெய்லி வாளில் வெள்ளைக் கைக்குட்டையைக் கட்டித் தூக்கினார். சரண் என்று சொன்ன பிறகும் சிலர் சுட்டதால் வெட்டு நிற்கவில்லை. லாலி தலையிட்டுப் பலரைக் காப்பாற்றினார். ஐரோப்பிய அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் களத்திலேயே செத்தார்கள், 34 பேர் காயத்தோடு பிடிபட்டார்கள், காயமில்லாமல் பிடிபட்டவர்கள் 16 பேர். பிளெட்சர் இறந்தார். பெயர்டுக்குத் தலையில் வாள்வெட்டு, தொடையில் குண்டு. அதிகாரிகளுக்கு இப்படித் தலை எண்ணிக் கணக்கு இருக்கிறது. செத்துப்போன சிப்பாய்களுக்கும், படையோடு நடந்து வந்த கூலியாட்களுக்கும், பெண்களுக்கும், பிள்ளைகளுக்கும் அப்படி ஒரு கணக்கு கிடையாது.

மன்றோவுக்குக் காலையிலேயே பீரங்கிச் சத்தம் கேட்டது. கொஞ்ச தூரம் வந்தார். வெடிமருந்து வண்டி வெடித்த புகையையும் பார்த்தார். அப்புறம் எதிரே வந்த காயம்பட்ட சிப்பாய்கள் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிட்டார். எந்த பீரங்கிகளையும் தளவாடத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று பெய்லியைக் கைவிட்டாரோ, அவற்றைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டு செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார். பக்சார் வீரரின் கதை அப்படி முடிந்தது.

சரி, மூன்றாவது கேள்வி. மிகப் பெரிய அடியா? அந்தக் காலத்தில் ஆம். இந்தியாவில் ஆங்கிலேயர் வாங்கியதிலேயே கடுமையான அடி என்று அந்த தாமஸ் மன்றோவே எழுதியிருக்கிறார். ஆனால் 'முடிவு கட்டிய போரா' என்று கேட்டால் தயங்குவேன். பெய்லி அழிந்து, மன்றோ ஓடிய அந்த வாரத்தில் சென்னை ஏறக்குறைய காவல் இல்லாமல் கிடந்தது. ஹைதர் அங்கே போகவில்லை. ஆற்காட்டை முற்றுகையிடத் திரும்பிப் போனார், நவம்பரில் அதைப் பிடிக்கவும் செய்தார். அதற்குள் வங்காளத்திலிருந்து கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் பணமும் படையும் கொடுத்துத் தளபதி ஐர் கூட்டை அனுப்பிவிட்டார். 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டையில் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். அதே வருடம் ஆகஸ்ட் 27 அன்று மறுபடியும் புள்ளலூரிலேயே ஒரு போர். ராசியான இடம் என்று ஹைதரே அந்தக் களத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பார்கள். கூட்டின் சிப்பாய்கள் போன வருடம் செத்தவர்களின் எலும்புகளை மிதித்துக்கொண்டு நடந்ததாக அதில் இருந்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த முறை ஜெயித்தது கூட், ஆனால் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. 1782 டிசம்பரில் ஹைதர் சித்தூர்ப் பக்கத்து முகாமில் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையோடு சண்டை ஓய்ந்தது. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுத்துக்கொண்டன.

தரியா தௌலத் 1784இல் எழுந்த மாளிகை. அதாவது, வரைபடத்தில் கோடு ஒன்றும் பெரிதாக நகராத ஒரு போருக்குப் பிறகு, அந்தப் போரின் மிகப் பிரகாசமான ஒரு நாளை எடுத்துச் சுவரில் ஏற்றியிருக்கிறார்கள். பரங்கிப்பேட்டை சுவரில் ஏறவில்லை. இதில் திப்புவை மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோல்வியைக் காசு கொடுத்து வரையச் சொல்பவர் எந்த நாட்டில் இருக்கிறார்? லண்டனிலும் அதே நியாயம்தான். 1792இல் திப்பு தன் இரண்டு பிள்ளைகளைப் பிணையாகக் கொடுத்தபோது அதை வரைய ஓவியர்கள் போட்டி போட்டார்கள். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு இறந்ததும், மறு வருடமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் சுமார் 120 அடி நீளத்துக்குக் கோட்டை பிடித்த காட்சியை ஆறே வாரத்தில் வரைந்து லண்டனில் டிக்கெட் போட்டுக் காட்டினார். கூட்டம் அலைமோதியது. அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை.

இப்போது பெயர்ட். புள்ளலூரில் பிடிபட்டவர் 44 மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு சிறையில் இருந்தார். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியால் பிணைப்பார்கள் என்று ஸ்காட்லாந்தில் இருந்த அவர் அம்மாவுக்குச் செய்தி போனபோது, 'எங்கள் டேவியோடு கட்டப்பட்டவன் பாடு பாவம்' என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. பெய்லி 1782 நவம்பரில் அங்கேயே இறந்துபோனார். பெயர்ட் விடுதலையாகி, 1799இல் அதே கோட்டையைத் தாக்கிய படையின் முன்வரிசைத் தளபதியாகத் திரும்பி வந்தார். அன்று இரவு விளக்கு வெளிச்சத்தில் பிணக்குவியலில் திப்புவின் உடலைத் தேடி எடுத்தவர்களோடு இருந்தார். ஊரை நிர்வகிக்கும் பொறுப்போ, அவருக்குக் கிடைக்காமல் கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லிக்குப் போனது. பெயர்டுக்கு அந்த மனக்குறை கடைசி வரை தீரவில்லை. தரியா தௌலத்தில் குடியேறியவரும் வெல்லெஸ்லிதான். புள்ளலூரில் ரத்தம் சிந்தியவர் வெளியே, அந்தப் போரைப் பார்த்தே இராதவர் அந்தச் சுவருக்கு முன்னால். நம்மூர்ப் பாட்டிகள் இதற்கு ஒரு பழமொழி வைத்திருப்பார்கள்.

பெயர்ட் இறந்த பிறகு அவர் மனைவி டேவிட் வில்கி என்ற புகழ்பெற்ற ஸ்காட்லாந்து ஓவியரிடம் ஒரு படம் கேட்டார். 1839இல் அது முடிந்தது. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். மேலே பெயர்ட் கம்பீரமாக நிற்கிறார், கீழே விளக்கு வெளிச்சத்தில் திப்புவின் உடல். எல்லாரும் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பெயர்டின் காலடியில் தரையோடு ஒரு இரும்புக்கம்பிச் சன்னல் இருக்கிறது, அதைக் கவனியுங்கள். அவர் அடைபட்டிருந்த பாதாளச் சிறையாம். திப்பு விழுந்த வாசலுக்கு நேர் கீழேயே அந்தச் சிறை வந்துவிட்டது ஓவியரின் உபயம். ஆனால் அந்தக் கம்பிச் சன்னல் இல்லையென்றால் படம் வெறும் வெற்றிப் படம், இருப்பதால் அது புள்ளலூருக்குப் பதில். தரியா தௌலத் சுவரில் பெய்லியின் அருகே குதிரை மேல் இருப்பவர்களில் ஒருவரை பெயர்ட் என்று அடையாளம் சொல்கிற வழக்கம் பழைய வழிகாட்டி நூல்களில் இருக்கிறது. அப்படியானால் ஒரே மனிதர் ஒரு படத்தில் சிக்கிக்கொண்டவர், ஐம்பத்தைந்து வருடம் கழித்து வந்த படத்தில் சிக்கவைத்தவனின் உடல் மேல் நிற்பவர்.

ஹெக்டர் மன்றோவுக்கும் ஒரு பின்கதை உண்டு. 1792 டிசம்பரில் வங்காளத்தில் சாகர் தீவில் அவர் மகனைப் புலி அடித்துக் கொன்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கிடைத்து இப்போது லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிற மரப்புலி பொம்மை, ஒரு வெள்ளைக்காரனின் கழுத்தைக் கவ்வியபடி, கைப்பிடியைச் சுற்றினால் உறுமும். அதைப் பார்க்கும் பலரும் இந்தச் சாவோடு முடிச்சுப் போடுவார்கள். ருசியான கதை, ஆனால் பொம்மை அதற்கு முன்பே செய்ததாகவும் இருக்கலாம். புலி திப்புவின் சின்னம். அதற்குத் தனியாக ஒரு செய்தி வேண்டியதில்லை.

தரியா தௌலத் சுவர்ப் படத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், இன்னொரு சிக்கல் இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் வண்ணம் 1784ஆம் வருடத்தது அல்ல. ஆங்கிலேயர் கோட்டையை நெருங்கிய காலத்தில் திப்புவே அதை அழிக்கச் சொன்னதாகச் சொல்வார்கள். பிறகு வெல்லெஸ்லி சீர்செய்ய வைத்தார். அதுவும் மங்கி, 1850களில் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி வந்து பார்த்துவிட்டு, பழைய படம் எப்படி இருந்தது என்று நினைவிருந்த ஓர் இந்திய ஓவியரை வைத்து மறுபடியும் வரையச் சொன்னார். ஆக, சுவர் காட்டுவது ஒருவரின் ஞாபகத்தையும் சேர்த்துத்தான். தங்கள் தோல்விப் படத்தை ஆங்கிலேயர் ஏன் காப்பாற்ற வேண்டும்? எதிரி செத்துவிட்டான். அவன் எவ்வளவு பயங்கரமானவன் என்று சுவர் சொல்லச் சொல்ல, அவனை வென்றவர்களின் மதிப்புதான் கூடும். டல்ஹௌசி அந்தக் கணக்குத் தெரியாதவர் அல்ல.

அதனால் இந்தப் படத்துக்குக் காகிதத்தில் இருக்கும் பிரதிக்கு மதிப்பு அதிகம். பத்துத் தாள்களில் சுமார் 32 அடி நீளத்துக்கு இதே புள்ளலூர்க் காட்சி. 1802ஆம் வருடவாக்கில் சென்னை பீரங்கிப்படை அதிகாரி ஒருவர் கைக்குப் போய், இங்கிலாந்து சேர்ந்தது. டல்ஹௌசியின் ஓவியர் தொடுவதற்கு முந்தைய நிலை அதில் இருக்கிறது. 2022 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் 6,30,000 பவுண்டுக்குப் போனது. அந்தச் சதுரமும் வெடிக்கும் வண்டியும் அதிலும் அப்படியே இருக்கின்றன. மறுபடி வரைந்தவரின் ஞாபகம் மோசமில்லை என்று தெரிகிறது.

அப்துல் கலாம் 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் போனபோது வரவேற்பறையில் ராக்கெட்டுகள் பறக்கும் ஒரு போர் ஓவியத்தைப் பார்த்து, விடுபவர்கள் கறுத்த நிறமாக இருக்கிறார்களே என்று கிட்டப் போய்ப் பார்த்ததாகத் தன் வரலாற்றில் சொல்கிறார். திப்புவின் படை. அதையும் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சுவரையும் ஒன்றாக்கிப் பகிர்கிறார்கள். அது வேறு, இது வேறு.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: புள்ளலூரில் கூர்நுனிக் கல்தூண்கள் இரண்டு நிற்கின்றன. அவை 1781இல் விழுந்த ஆங்கிலேய அதிகாரிகளுக்கானவை, பெய்லிக்கு அல்ல. பெய்லியின் நினைவு மண்டபம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், ஹைதரும் திப்புவும் அடக்கமாகியிருக்கும் கும்பஸுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1816இல் அவர் உறவினர் கட்டியது. அங்கிருந்து தரியா தௌலத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம். உள்ளே போனதும் யானைகளைப் பார்த்து அசந்து நிற்காமல், முதலில் பல்லக்கைத் தேடுங்கள்.